இரண்டாவது கேமரா எங்கே?

ஆடி மாதம் சேலம் குகை மாரியம்மன், காளியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்குப் போனவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். சிவனாகவும் பார்வதியாகவும் நரசிம்மராகவும் வேடம் கட்டிய பக்தர்கள், ஜோடித்த வண்டிகளில் ஏறி, சீரியல் விளக்கு வெளிச்சத்தில் ஊர்ந்து வருவார்கள். மாட்டு வண்டி போய் லாரியும் டிராக்டரும் வந்துவிட்டன. கூட்டம் மட்டும் குறைந்தபாடில்லை. அதற்கு நடுவே கேமராவோடு நிற்பவருக்கு முன்னே போக வழியில்லை, பின்னே நகர இடமில்லை. நின்ற இடத்திலிருந்தேதான் அத்தனையையும் எடுத்தாக வேண்டும்.

கணக்கு எளிது. வண்டி மூன்று மீட்டர் தூரத்தில் கடக்கும்போது, ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் நாலரை மீட்டர் அகலத்தை அள்ளும். வண்டி முழுசாகப் படத்தில் விழும். அதே வண்டி பத்து மீட்டர் தள்ளி வருகையில் அம்மன் வேடத்தின் முகத்தையும் கண்ணையும் பிடிக்க 200 மி.மீ. வேண்டும். இரண்டு படத்துக்கும் இடையே சில நொடிதான். லென்ஸைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்குள் சாமி தாண்டிப் போயிருக்கும். ஒரு தோளில் 24-70, மறு தோளில் 70-200 என்று இரண்டு பாடியோடு சிலர் அலைவது பகட்டுக்காக அல்ல.

ஜூம் என்றால் முகம் சுளிக்கும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ்களில் பெயர் பெற்றது 1959-ல் ஃபோக்ட்லெண்டர் விற்ற 36-82 மி.மீ. ‘ஜூமார்’. 1963-ல் நிக்கான் கொண்டுவந்த 43-86 அமோகமாக விற்றது. ஆனால் படம் துல்லியமாக இல்லை என்ற கெட்ட பெயரையும் சேர்த்தே சம்பாதித்தது. அந்தப் பெயர் பல பத்தாண்டுகள் ஜூமை விடவில்லை. இன்றைய எஃப் 2.8 ஜூம்களைப் பார்த்த பிறகும் அதையே சொல்வது வெறும் பிடிவாதம்.

‘ஒரே ஒரு 50 மி.மீ. போதும், கார்த்தியே பிரெஸ்ஸோன் அதில்தானே உலகையே எடுத்தார்’ என்று வாதிடுவோரும் உண்டு. ரமண மகரிஷி மறைந்த 1950 ஏப்ரல் 14 இரவில் திருவண்ணாமலையில் இருந்தவர் அந்தப் பிரெஞ்சுப் படக்காரர். பெரும்பாலும் லைக்காவும் 50 மி.மீ.யுமாக வேலை செய்தவர்தான். ஆனால் எந்தக் கணத்தை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் சுதந்திரம் அவர் கையில் இருந்தது. ராசிபுரத்துக் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மூன்று முடிச்சு கலைநயமாக இல்லை என்று விட்டுவிட முடியுமா?

அந்த மூன்று முடிச்சு விழும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். கொங்குக் கல்யாணங்களில் முகூர்த்தம் பெரும்பாலும் விடிவதற்கு முன்பே வந்துவிடும். முந்தின நாள் இணைச்சீரில் தொடங்கி அருமைக்காரர் செய்துவைக்கும் சீர்கள் அத்தனையும் மண்டப விளக்கை நம்பித்தான் நடக்கும். கேமராவோடு சேர்த்து விற்கும் 18-55 லென்ஸ், ஜூம் செய்யச் செய்ய எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். எஃப் 2.8-ல் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு வெளிச்சம்தான் அதில் வரும். நொடியில் 200-ல் ஒரு பங்கில் எடுக்க வேண்டிய படத்தை 50-ல் ஒரு பங்கில் எடுக்க நேரும். அட்சதை தூவும் கைகள் எல்லாம் கலங்கிப் போகும். மலிவான எல்இடி விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து நொடிக்கு நூறு முறை துடிப்பதால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது தனித் தலைவலி. ஷட்டரை நூறில் ஒரு பங்கில் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பது விவரம் தெரிந்தவர்களின் வழி.

அதற்காக எல்லா இடத்துக்கும் எஃப் 2.8 தேவை என்பது விற்பவர் பேச்சு. நாமக்கல் ஆஞ்சநேயரையே எடுத்துக்கொள்ளலாம். பதினெட்டு அடி உயரச் சிலைக்கு மேலே கூரை கிடையாது, வானம்தான். அனுமன் ஜெயந்தியன்று 1,00,008 வடைமாலை சாத்திய காலையில், அனுமதி பெற்று எடுக்கும் பத்திரிகைப் படக்காரருக்கு வெளிச்சப் பஞ்சமே இல்லை. எஃப் 4 லென்ஸே அங்கு தாராளம். கேனானின் 70-200 எஃப் 2.8 ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதே அளவில் எஃப் 4 வாங்கினால் 780 கிராம். விலையும் நன்றாக இறங்கும். பகல் தேரும் ஜல்லிக்கட்டுமே பிழைப்பு என்பவர் இரண்டு லட்சத்தைத் தாண்டும் லென்ஸுக்குத் தவணை கட்டி அழ வேண்டியதில்லை.

ஜல்லிக்கட்டில் பிரச்சினை வேறு. ஆத்தூர் பக்கம் கூலமேட்டிலும் தம்மம்பட்டியிலும் தடுப்புக்கு இப்பால் நின்றுதான் எடுக்க முடியும். அதனால் 70-200 கட்டாயம். களத்தில் தேங்காய் நார் பரப்பியிருப்பார்கள். காளை புரட்டிப் போடுகிற தூசியில் லென்ஸைக் கழற்றினால் அது சென்சாரில் போய் உட்காரும். மிர்ரர்லெஸ் கேமராக்களில் பலவற்றில் லென்ஸை எடுத்ததும் சென்சார் திறந்தே கிடக்கும் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும், வானத்தின் அதே மூலையில், அதே கறுப்புப் புள்ளி. இங்கே இரண்டாவது பாடி வசதிக்காக அல்ல, தூசிக்காக.

இரண்டாவது கேமராவுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், முதலாவது கெட்டுப்போகும் என்பதே. கேனான் 5டி மார்க் 3-ன் ஷட்டருக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் ஒன்றரை லட்சம் படம். கல்யாணத்துக்கு மூவாயிரம் முறை அழுத்தினால் ஐம்பது கல்யாணத்தில் கணக்கு தீர்ந்தது. அதன் பிறகும் ஓடலாம், தாலி கட்டும்போதே நிற்கவும் செய்யலாம். மெமரி கார்டும் அப்படித்தான். முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுக் கரப்ட் ஆவதில்லை. 2008-ல் வந்த 5டி மார்க் 2-ல் ஒரே ஒரு கார்டுதான் போட முடிந்தது; 2012-ல் வந்த மார்க் 3-ல் இரண்டு. 2018-ல் கேனான் ஆர், நிக்கான் இசட்6 இரண்டும் மறுபடி ஒரே கார்டோடு வந்தபோது கல்யாணப் படக்காரர்கள் முணுமுணுத்தார்கள். 2020-ல் இசட்6 இரண்டாம் பதிப்பு இரண்டு கார்டோடு வந்தது.

இரண்டு கேமரா வைத்திருப்பவர்கள் கோட்டை விடுகிற இடமும் ஒன்று உண்டு. இரண்டின் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். ஏழு நிமிடம் முன்பின் இருந்தால், ஆல்பத்துக்கு வரிசைப்படுத்தும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை மணவறைக்கு வருவார். இரண்டும் வேறு வேறு கம்பெனி என்றால் ஒரே பட்டுப்புடவை ஒன்றில் அரக்காகவும் மற்றதில் ஆரஞ்சாகவும் வரும். அதைச் சரிசெய்தே எடிட்டிங் பண்ணுபவர் ராத்தூக்கம் இழப்பார்.

சுமையும் பேச வேண்டிய விஷயம்தான். சோனி ஏ7 மார்க் 3 பாடி இரண்டும், அதே கம்பெனியின் புதிய 24-70, 70-200 எஃப் 2.8 லென்ஸ்களும் சேர்ந்து மூன்று கிலோவைத் தொடும். பழைய 5டி மார்க் 3 ஜோடி என்றால் நான்கு கிலோவுக்கு மேல். அதை இரண்டு நாள் தோளில் சுமப்பவரின் முதுகுக்கு எந்தப் பேக்கேஜிலும் ரேட் போடுவதில்லை. 2021-ல் டாம்ரான் கொண்டுவந்த 35-150, ஒரே லென்ஸில் பெரும்பகுதி வேலையை முடிக்கிறது. எடை 1,165 கிராம். நல்ல லென்ஸ்தான். ஆனால் மேடையில் இரண்டு வீட்டுச் சொந்தமும் வரிசை கட்டி நிற்கும்போது 35 மி.மீ.க்குள் அடங்க மாட்டார்கள். கழுத்தில் மூன்றாவது கேமரா தொங்குவது மட்டும் வீண். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும், இன்னொரு பாடி அல்ல.

கையில் பணம் குறைவாக இருக்கும் இளைஞர் முதலில் பெரிய லென்ஸ் வாங்குவதா, இரண்டாவது பாடி வாங்குவதா? பாடிதான். செகண்ட் ஹேண்டில் கிராப் சென்சார் பாடி ஒன்றும் விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் போதும். முதல் கேமரா படுத்துவிட்டால் கல்யாணத்தைக் கரை சேர்த்துவிடும். 70-200 வேண்டிய நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி 2019 ஜனவரியில் டிஜிட்டல் கேமராவுக்கு 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அப்படியும் புதிதாக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்க சிறு ஸ்டுடியோக்காரருக்குக் கட்டாது.

அட்வான்ஸ் கொடுக்கும் வீட்டாரும் டிரோன் உண்டா, எல்இடி திரை உண்டா என்பதை அப்புறம் விசாரிக்கலாம். இரண்டாவது கேமரா கொண்டுவருகிறாரா, படம் இரண்டு கார்டில் பதிவாகிறதா, அதே ராத்திரி நகல் எடுத்து வைக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால், அவர் சொல்லும் ரேட்டில் ஐந்தாயிரத்தைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள்.