கைக்கூலி

‘ஓய்வு நேரத்தில், வீட்டிலிருந்தபடியே, கைநிறையச் சம்பாதிக்கலாம்.’ சோப்பும் வாசனை மெழுகுவத்தியும் செய்யக் கற்றுத்தரும் வகுப்புகளின் துண்டறிக்கை எதை எடுத்தாலும் இந்த வரி இருக்கிறது. எழுதியவரைப் பார்த்தால் ஒன்றே ஒன்று கேட்பேன்: எந்த ஓய்வு நேரம்? ஒன்றிய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்காக 289 நிமிடம் செலவிடுகிறாள். வீட்டு வேலை செய்யும் ஆண் 88 நிமிடம். எதுவுமே செய்யாத ஆண்கள் அந்த 88-க்குள் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் சம்பளமில்லாமல் உழைத்தவளிடம் போய், மிச்சமிருக்கும் நேரத்துக்கு ‘ஓய்வு’ என்று பெயர் வைத்து, அதிலும் ஒரு தொழில் செய் என்கிறோம். இந்தக் காரியத்துக்கு ‘அதிகாரமளித்தல்’ என்று இன்னொரு பெயர்.

ஆர்.கே.பேட்டைக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. தறி ஓடும் ஊர் இது. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புரளும் எங்கள் தெருக்களில் விசைத்தறிச் சத்தம் கேட்டுத்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள். கைத்தறிக் காலத்தில் நெசவுக் கூலி தறியில் உட்கார்ந்தவர் கைக்கு வந்தது. அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்தவளும், நூல் சிக்கெடுத்தவளும், பாவுக்குக் கஞ்சி போட்டவளும் மனைவி, மகள், மருமகள். அவர்களுக்குத் தனிக்கூலி கிடையாது. நெசவு செய்பவர் யார் என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு பெயர்தான் சொல்வார்கள். அந்தத் தார் சுற்றிய பெண்களின் பேத்திகள் இன்று சோப்பு செய்கிறார்கள்.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். புறநானூற்றில் ஒரு காட்சி உண்டு. காட்டுப்பூனைக்குப் பயந்து இரவில் ஒரு பெட்டைக்கோழி அலறுகிறது. பஞ்சு புடைக்க எழுந்த பெண் ஒருத்தியின் சிறு விளக்கு வெளிச்சத்தில் தன் சேவலைப் பார்த்துவிட்டு அமைதியாகிறது. வகுப்பில் நாங்கள் அந்த விளக்கையும் கோழியையும் நயம் பாராட்டுவோம். எல்லோரும் தூங்கும் நேரத்தில் அவள் ஏன் பஞ்சு புடைக்கிறாள், அதற்கு என்ன கிடைத்தது என்று எந்தத் தேர்விலும் கேள்வி வந்ததில்லை.

எதிர்வீட்டுப் பெண் சோப்பு செய்கிறார். வயது முப்பத்தைந்து இருக்கும். அவருடைய கணக்கு நோட்டை அவர் அனுமதியோடுதான் பார்த்தேன். ஒரு தடவைக்கு இருபது சோப்பு, நூறு நூறு கிராம். எண்ணெய், காஸ்டிக் சோடா, வாசனைத் தைலம், தாள், லேபிள் எல்லாம் சேர்த்து ஒரு சோப்புக்கு 36 ரூபாய் ஆகிறது. விற்பது 50-க்கு. ஒன்றுக்கு 14, இருபதுக்கு 280 ரூபாய். ‘லாபம்’ என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்.

நேரத்துக்கு நோட்டில் பத்தி இல்லை. இருவரும் உட்கார்ந்து போட்டோம். எண்ணெயை உருக்கி, கரைசலை ஆறவைத்து, கலந்து, அச்சில் ஊற்றிப் பாத்திரம் கழுவ மூன்று மணி நேரம். மறுநாள் வெட்டி அடுக்க ஒன்று. நான்கு வாரம் காயும்வரை திருப்பித் திருப்பி வைப்பது எல்லாம் சேர்த்து ஒன்று. தாள் சுற்றி லேபிள் ஒட்ட இரண்டு. திருத்தணிக்குப் போய்ப் பொருள் வாங்கி, கடைகளில் கொடுத்து, போன மாதப் பணத்தைக் கேட்டு நின்று திரும்ப நான்கு. ஆகமொத்தம் பதினொரு மணி நேரம். எட்டு மணி நேர நாளாக மாற்றினால் 204 ரூபாய். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336. ஏரிக்கரையில் மண் அள்ளப் போகிறவளுக்கு அரசு தர ஒப்புக்கொண்ட கூலியைக்கூட இந்தத் ‘தொழில்முனைவோர்’ தனக்குத் தர முடியவில்லை. லாபம் என்று அவர் அடிக்கோடிட்ட தொகை, அவருக்கே வர வேண்டிய கூலியில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான்.

“எல்லாத்துக்கும் கணக்கு பாத்தா முடியுமா மேடம்? கைச்செலவுக்கு ஆகுதுல்ல” என்றார்.

கைச்செலவு. கைக்கு வரும் செலவுக்குச் சொல் இருக்கிறது. கைக்கு வர வேண்டிய கூலிக்கு இல்லை. ‘கைக்கூலி’ என்று சொல்லிப் பாருங்கள், லஞ்சம் என்று அர்த்தமாகிவிடும். அந்தச் சொல்லை லஞ்சம் வாங்குகிறவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நமக்குக் ‘கைவினை’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. கையைப் புகழ்வதற்குச் செலவில்லை.

‘கெமிக்கல் இல்லாத சோப்பு’ என்கிற பொய்யையும் இங்கேயே பேசிவிட வேண்டும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. கொஞ்சம் எண்ணெய் மிஞ்சட்டும் என்று சற்றுக் குறைத்துப் போடுவார்கள். ஆனால், அது இல்லாமல் சோப்புக் கட்டி இல்லை. உருக்கி ஊற்றும் ஆயத்தக் கட்டியை வாங்கினாலும் எங்கோ ஓர் ஆலையில் காரம் சேர்ந்தேதான் வந்திருக்கிறது. சோப்பாக மாறி நன்றாகக் காய்ந்தபின் காரம் மிஞ்சுவதில்லை. வாங்குகிறவர் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியவள் செய்கிறவள். சோடாவைத் தண்ணீரில்தான் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதிக்கும், ஆவி மூக்கில் ஏறும், துளி பட்டால் தோல் வெந்துபோகும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போடாமல், குழந்தை நடமாடும் சமையலறையில் இதைச் செய்ய வைப்பது ‘இயற்கை’ என்கிற அந்த ஒரு சொல்தான்.

சட்டத்தையும் யாரும் சொல்லித் தருவதில்லை. குளியல் சோப்பு 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளுக்குள் வருகிறது. செய்து விற்க உரிமம் வேண்டும், இட வசதி வேண்டும், தகுதி பெற்றவர் மேற்பார்வை வேண்டும். தோலில் தேய்க்கிற பொருளுக்குக் கட்டுப்பாடு இருப்பது நியாயம். ஒருநாள் பயிற்சி கொடுத்து, சான்றிதழோடு போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். சட்டத்தின் முன் அவள் தொழிற்சாலைக்காரி. சந்தையில் அவள் பொழுதுபோகாத இல்லத்தரசி. இரண்டு பக்கமும் அவளுக்குத்தான் நஷ்டம்.

மெழுகுவத்தி இன்னும் மோசம். மின்வெட்டுக் காலத்து வெள்ளை மெழுகுவத்திக்கு ஒரு பயன் இருந்தது. மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில் கிடைக்கும் பாரஃபின்தான் அதன் மூலப்பொருள். இப்போது கண்ணாடிக் குப்பியில் சோயா மெழுகு, லாவெண்டர், வெட்டிவேர். சென்னையில் ஒருவர் மெழுகும் குப்பியும் லேபிளும் அனுப்புகிறார். எங்கள் ஊரில் ஊற்றி, திரி நிறுத்தி, துடைத்து அனுப்புகிறார்கள். குப்பிக்கு இவ்வளவு என்று பேச்சு. சோயா மெழுகு ஐம்பது டிகிரிக்கு முன்பே இளகிவிடும். தமிழ்நாட்டில் இன்று அதிக வெயில் எங்கே என்று செய்தியில் வாசிக்கும்போது திருத்தணி பெயர் அடிக்கடி வரும் அல்லவா, அந்த வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே பகலில் இது உறையாது. அதனால் சித்திரை, வைகாசியில் இரவு பதினொரு மணிக்குமேல்தான் ஊற்றுகிறார்கள். வியர்த்துப்போன, மேல்புறம் வெடித்த குப்பிகளுக்குப் பணம் பிடித்தம்.

அந்தக் குப்பியை வாங்குகிறவர் யார்? பெரும்பாலும் என்னைப் போன்ற பெண்தான். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ‘எனக்கான அரைமணி நேரம்’ என்று ஏற்றிவைக்கிறாள். அந்த அரைமணி நேரத்தை நான் கிண்டல் செய்யவில்லை, அது அவளுடைய உரிமை. ஆனால், அதை விலைக்கு விற்கிறவர் இன்னொருத்தியின் தூக்கத்திலிருந்து எடுத்து விற்கிறார். ‘அன்போடு கையால் ஊற்றப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் லேபிள் வேறு. அந்த அன்புக்கு மாதச் சம்பளமா, குப்பிக் கணக்கா என்று லேபிளில் இல்லை.

சுயஉதவிக் குழுக்களைக் குறை சொல்கிறேன் என்று தோழிகள் கோபிக்கலாம். இல்லை. 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய குழுக்கள் எத்தனை பெண்களைக் கந்துவட்டியிலிருந்து மீட்டன என்று எனக்குத் தெரியும். வங்கி வாசலை மிதிக்க வைத்ததும் அவைதான். என் சண்டை, கடன் கொடுத்ததோடு கூலியை மறந்துபோனதோடு. வீட்டில் செய்கிற வேலைக்குக் கூலி கணக்கிட முடியாது என்பவர்கள் லிஜ்ஜத் அப்பளத்தைப் பார்க்கட்டும். 1959-இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கியது. மாவை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் இடுகிறார்கள். இட்ட அளவுக்குக் கூலி முதலில், லாபப் பங்கு பிறகு. அகமதாபாத்தில் 1972-இல் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பு, வீட்டிலிருந்து உழைப்பவளும் தொழிலாளிதான் என்று ஊர் ஊராகச் சொல்லி, உலகத் தொழிலாளர் அமைப்புவரை கொண்டுபோனது. 1996-இல் வீட்டுவேலைக் கூலியாட்களுக்கான 177-ஆம் உடன்படிக்கை வந்தது. மெழுகு கொடுத்து ஊற்றி வாங்குகிறார்களே, அந்த வேலைக்கெல்லாம் அது பொருந்தும். இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சேவா பிறந்த நாடு இது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பயிற்சி வகுப்பில் சோடாவைத் தொடுவதற்கு முன்னால், முதல் மணி நேரத்தில், நோட்டில் ‘என் கூலி’ என்று ஒரு பத்தி போடக் கற்றுத்தர வேண்டும். பொதிவுப் பொருள் விதிகள் லேபிளில் எடை, விலை, தேதி, முகவரி கேட்கின்றன. குழுக்கள் தாமாகவே ‘உழைப்பு: 33 நிமிடம்’ என்று ஒரு வரி சேர்க்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. எதிர்வீட்டுக் கணக்கில் 336 ரூபாய்க் கூலியைச் சேர்த்தால் சோப்பின் விலை 59 ரூபாய் சொச்சம் வருகிறது. 60 என்று வைத்துக்கொள்வோம். நாம் பேசுவது அந்தப் பத்து ரூபாயைப் பற்றி.

“பத்து ரூபாய் ஏத்துனா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க” என்று துறையில் ஒருவர் சொன்னார். கடைசியாக நடந்த கல்லூரிச் சந்தையில் அட்டையில் 60 என்று எழுதி, கீழே கூலிக் கணக்கையும் எழுதி வைத்தோம். மாணவிகள் நின்று படித்தார்கள். ஒருத்தி, “எங்கம்மா தார் சுத்துறதுக்கு எவ்வளவு வரும் மேம்?” என்று போனில் கால்குலேட்டரைத் திறந்தாள். மாலைக்குள் இருபதில் பதின்மூன்று விற்றது. பேரம் பேசியவர்கள் நான்கு பேர், மூவர் ஆசிரியர்கள். மீதி ஏழை அவர் பையில் போட்டுக்கொண்டு ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடினார். ராத்திரிச் சமையல் இருந்தது.