யுத்தத்தின் பற்றுச்சீட்டு

சில மாதங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பில் இந்தியப் படைக் காலத்துக் கதைகள் பற்றிப் பேச்சு எழுந்தது. அந்தப் படைக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்பதையும் நாம் எழுத வேண்டும் என்றேன். நண்பர் ஒருவர் சிரித்தார். "சேர், உயிர் போன கதை பேசுகிற இடத்தில் காசுக் கணக்குப் பார்க்கிறீர்களே, இது இலக்கியமா?" என்று கேட்டார். அங்கு முழுமையாகப் பதில் சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை. இங்கு சொல்கிறேன்.

நான் கிராமப் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பிக்கிறவன். கணக்கு எனக்குத் தொழில். ஆயினும் இந்தக் கணக்கு தொழிலால் வந்ததல்ல. 1987இல் எனக்கு ஏழு வயது. எங்கள் தெரு முனையில் இருந்த காவலரணில் தமிழ் பேசும் இந்தியச் சிப்பாய் ஒருவர் நின்றார். மதுரைப் பக்கம் சொந்த ஊர் என்றார். எத்தனையாம் வகுப்பு என்று கேட்டு, ஒரு சப்பாத்தியை இரண்டாகப் பிய்த்து எனக்கும் தம்பிக்கும் தந்தார். தன் தகப்பனார் குத்தகைக்கு வயல் செய்கிறார் என்றும் சொன்னார். உம்மா அந்தச் சப்பாத்தியைத் தின்ன விடவில்லை. அந்தக் குத்தகை விவசாயிதான் இக்கட்டுரையின் நாயகன்.

1987 ஜூலை 29இல் ஜே.ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாளே பலாலியில் இந்தியப் படையினர் வந்திறங்கினர். எந்தப் பாராளுமன்றமும் வாக்களித்து அவர்களை அனுப்பவில்லை. ஒக்டோபரில் அமைதிப் படை போர்ப் படையாயிற்று. அம்மாதம் 21ஆம் திகதி யாழ். போதனா வைத்தியசாலைக்குள் புகுந்த படையினரால் வைத்தியர்கள், தாதியர், நோயாளர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1990 மார்ச் 24இல் கடைசிச் சிப்பாய் கப்பலேறியபோது இந்தியத் தரப்பிலும் ஆயிரத்து நூறுக்கும் அதிகமானோர் இறந்திருந்தனர். சென்னையில் அவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை.

இதற்கான செலவு ஆயிரம் கோடி இந்திய ரூபாவுக்கு மேல் என்று பரவலாக எழுதப்பட்டுள்ளது. குறைந்த தொகையையே எடுத்துக்கொள்வோம். அன்றைய இந்தியாவின் சனத்தொகை ஏறக்குறைய எண்பது கோடி. வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பன்னிரண்டரை ரூபா. முப்பத்திரண்டு மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதத்துக்கு நாற்பது பைசாவும் இல்லை.

நீண்ட யுத்தங்களின் சூட்சுமம் இந்த நாற்பது பைசாவில்தான் இருக்கிறது என்பது என் வாதம். கொடுப்பவனுக்கு வலிக்காத அளவில் பிரித்து எடுத்தால் அவன் கேள்வி கேட்கமாட்டான். அக்காலத்தில் இந்திய மத்திய அரசின் வரி வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் மறைமுக வரிகளாலேயே வந்தது. வருமான வரிப் படிவத்தைக் கண்டிராத குத்தகை விவசாயியும் தீப்பெட்டி வாங்கியபோது, சவர்க்காரம் வாங்கியபோது வரி செலுத்தினார். அவர் மகன் துவக்கோடு எங்கள் தெருவில் நின்றதற்கான செலவில் அவரது காசும் இருந்தது. அவரிடம் எவரும் கேட்கவில்லை. எடுத்ததையும் சொல்லவில்லை.

அங்கே எண்பது கோடிப் பேரிடம் சில்லறையாகச் சேர்த்தது இங்கே ஒரு சிறிய குடாநாட்டின் மீது மொத்தமாக இறங்கியது. செலவு பரவலாகவும் அழிவு குவிந்தும் இருக்கும் வரை யுத்தத்தை நிறுத்தும்படி கொடுப்பவன் கேட்கப்போவதில்லை. அழிபவன் கேட்டாலோ யாருக்கும் கேட்காது.

இது இந்தியாவின் குற்றம் மட்டுமன்று. நமது வீட்டுக் கணக்கைப் பாருங்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இலங்கையில் தேசிய பாதுகாப்பு வரி கொண்டுவரப்பட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் கிடந்த நாங்களும் கடைச் சாமான்களின் விலையோடு அதைச் செலுத்தினோம். எந்த யுத்தம் எங்களை அகதியாக்கியதோ அந்த யுத்தத்துக்கே வரி கட்டினோம். மறுபுறம் விடுதலைப் புலிகளும் தம் பிரதேசத்து மக்களிடம் வரியாகவும் தங்கப் பவுணாகவும் அறவிட்டார்கள். இரண்டு தரப்புக்கும் கொடுத்தவன் ஒருவனே. அவன் ஏழை.

ஆயின் அந்த வரியில் ஒரு நேர்மை இருந்ததையும் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் இருந்தது. எதற்காக அறவிடுகிறார்கள் என்று பெயரிலேயே தெரிந்தது. ஆகவே மக்கள் முணுமுணுத்தார்கள். 2002இல் அது பெறுமதி சேர் வரியோடு கலக்கப்பட்டுப் பெயரை இழந்தது. அப்போது போர்நிறுத்தக் காலம். 2006இல் யுத்தம் மீண்டும் மூண்டு 2009 மே மாதம் வரை நடந்தது. கொடூரமான அந்த இறுதிக் கட்டத்துக்கென்று தனிப் பெயரில் ஒரு வரி மக்கள் முன் வைக்கப்படவில்லை. பெயர் இல்லாததால் முணுமுணுப்பும் இல்லை. யுத்தம் முடிந்தும் படைச் செலவு முடியவில்லை. 2024 ஜனவரி முதல் அதே பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18.

பெரிய வல்லரசுகள் இன்னும் சாமர்த்தியசாலிகள். அமெரிக்கா 2001இல் ஆப்கானிஸ்தானுக்கும் 2003இல் ஈராக்குக்கும் படை அனுப்பியது. அதே இரண்டு ஆண்டுகளிலும் தன் மக்களின் வருமான வரியைக் குறைத்தது. யுத்தம் கடனில் நடந்தது. 2001க்குப் பிந்திய அமெரிக்க யுத்தங்களின் செலவை பிறவுண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் எட்டு இலட்சம் கோடி டொலர் என மதிப்பிட்டனர். வட்டியும், காயமுற்ற சிப்பாய்களை இனிமேல் பராமரிக்கும் செலவும் அதில் அடக்கம். அன்று பிறக்காத பிள்ளைகளும் அதனைக் கட்டுவார்கள். இந்தியப் படையின் கணக்கும் 1990இல் மூடப்பட்டுவிடவில்லை. இறந்தவர்களின் விதவைகளுக்கும் அங்கவீனமானவர்களுக்கும் ஓய்வூதியம் தொடரத்தான் வேண்டும்.

"நாட்டின் பாதுகாப்புக்கு விலை பேசலாமா?" என்று சிலர் கேட்பர். விலை பேசாமலா பீரங்கி வாங்கினார்கள்? விற்றவனிடம் பேரம் பேசியவர்கள் கொடுத்தவனிடம் மட்டும் பேச மறுப்பதேன்? கலீபா உமர் அணிந்திருந்த துணிக்கே சபையில் கணக்குக் கேட்டார்கள் என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். ஒரு துணிக்குக் கணக்குக் கேட்டவர்களின் வாரிசுகள் என்போர் முப்பது வருட யுத்தத்துக்குக் கணக்குக் கேட்காதிருப்பது என்ன பெருமை?

என் கோரிக்கை சிறியது. எந்த அரசும், சொந்த மண்ணிலோ பிறர் மண்ணிலோ, யுத்தம் செய்யுமானால் அதற்கெனத் தனிக் கணக்கு இருக்க வேண்டும். வருடந்தோறும் அது பகிரங்கமாக வாசிக்கப்பட்டு, தொடர்வதா நிறுத்துவதா என வாக்கெடுக்கப்பட வேண்டும். கடைப் பற்றுச்சீட்டில் யுத்தத்தின் பங்கு தனி வரியில் அச்சிடப்பட வேண்டும். சவர்க்காரம் வாங்கும் பெண், தான் எதற்குக் கொடுக்கிறாள் என்று அறியட்டும்.

நண்பரே, உயிரைக் காசால் அளக்க நான் வரவில்லை. உயிரை எடுத்த துவக்குக்கு ரவை வாங்கிய காசு யார் மடியிலிருந்து, என்ன பொய் சொல்லி எடுக்கப்பட்டது என்று கேட்கிறேன். மதுரைப் பக்கத்துக் குத்தகை விவசாயியையும் புத்தளத்துக் கொட்டிலில் இருந்த என் உம்மாவையும் ஒரே கதையில் சந்திக்க வைக்கும் கேள்வி அது. இது இலக்கியம் இல்லையென்றால், அடுத்த சந்திப்பில் மீண்டும் சிரியுங்கள். பற்றுச்சீட்டை ஒருமுறை வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.