'கேம் ஃப்ரீதான்மா!' - செல்போனுக்குள் தொங்கும் பிரைஸ் அட்டை

பசுமலையில் ஏதோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது படிக்கும் பையன் போனும் கையுமாக அடுப்படிக்கு வருகிறான்.

"அம்மா, பின் நம்பர் மட்டும் போடும்மா."

"என்னத்துக்குடா?"

"கேம்ல ஒரு டிரெஸ் எடுக்கணும். இன்னைக்கு நைட்டோட முடிஞ்சுரும்."

"ஃப்ரீ கேம்னுதானடா சொன்ன?"

"கேம் ஃப்ரீதான்மா. டிரெஸ்ஸுக்குத்தான் காசு."

பையன் பொய் சொல்லவில்லை. இன்று செல்போனில் பிரபலமாக இருக்கும் பல கேம்களை இறக்கிக்கொள்ள ஒரு பைசா வேண்டாம். உள்ளே போன பிறகுதான் கடை திறக்கிறது. கேரக்டருக்குச் சட்டை, துப்பாக்கிக்குப் பளபளப்பு, வண்டிக்குப் புது பெயின்ட், ஜெயித்தால் ஆட ஒரு டான்ஸ் என எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. இப்படித் தனியாகக் காசு வாங்குவது சரியா?

ராட்டினத்துக்குத் தனி டிக்கெட்

மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. சித்திரைத் திருவிழாவை ஒட்டி நடக்கும் பொருட்காட்சிக்கு நுழைவுச்சீட்டு தனி, ராட்டினத்துக்கு டிக்கெட் தனி, டெல்லி அப்பளத்துக்குக் காசு தனி. யாரும் சண்டைக்குப் போவதில்லை. விலை எழுதிப் போட்டிருக்கிறது. வேண்டுமென்றால் ஏறலாம், வேண்டாமென்றால் வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம்.

கேம் நிறுவனங்கள் சொல்லும் நியாயமும் இதுதான். கேமை உருவாக்கவும், சர்வரை ஓட்டவும், புது மேப் சேர்க்கவும் செலவு இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் பிளே ஸ்டேஷனிலும் ஆடும் பெரிய கேம்களை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. செல்போன் கேமிலோ, வசதி உள்ள சிலர் சட்டைக்குக் கொடுக்கும் காசில், சாதாரண போன் வைத்திருக்கும் பையனும் இலவசமாக ஆடுகிறான். இதில் உண்மை இருக்கிறது.

2006-ல் 'ஆப்லிவியன்' என்ற கேமில் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டாலருக்குத் தனியாக விற்றபோது, 'குதிரைச் சட்டைக்குக் காசா?' என்று ரசிகர்கள் கொதித்தார்கள். இன்று அதற்கெல்லாம் யாரும் கோபப்படுவதில்லை. வெறும் அலங்காரம் என்றால் பாதகமும் இல்லை. ஆனால், காசு கொடுத்தவனுக்கு மட்டும் பலமான ஆயுதம் கிடைக்கும் கேம்களும் உண்டு. காசில்லாதவன் எவ்வளவு திறமையாக ஆடினாலும் அங்கே தோற்பான். அதை விளையாட்டு என்று சொல்வதே கஷ்டம்.

எங்கே கோணலாகிறது?

முதல் கோணல், கேமுக்குள் ரூபாய் என்ற சொல்லே மறைந்துவிடுவது. பிஜிஎம்ஐ-யில் 'யூசி', ஃப்ரீ ஃபயரில் 'டைமண்ட்'. முதலில் ரூபாயைக் கொடுத்து இவற்றை வாங்க வேண்டும். பிறகுதான் சட்டை. பல கேம்களில் இந்தப் போலிக் காசைத் தேவையான அளவுக்குச் சில்லறையாக வாங்கவும் முடியாது, கட்டுக்கட்டாகத்தான். மிச்சம் கொஞ்சம் நிற்கும். அதைச் செலவழிக்க இன்னொரு கட்டு வாங்கத் தோன்றும். சட்டையின் உண்மையான விலை என்னவென்று பெரியவர்களே கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அவசரம். 'இன்னும் 3 மணி நேரம்தான்' என்று கடிகாரம் ஓடும். பள்ளியில் பக்கத்து பெஞ்ச் பையனிடம் அந்தச் சட்டை இருக்கும். யோசிக்க நேரம் கொடுக்காமல் விற்பதுதான் அந்தக் கடிகாரத்தின் வேலை.

மூன்றாவதுதான் மோசம். சட்டையை நேரடியாக விற்காமல், 'லக்கி ஸ்பின்' என்று ஒரு சக்கரத்தையோ பெட்டியையோ விற்பது. காசு கொடுத்துத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது.

இன்று பெற்றோராக இருக்கும் பலர் சிறுவயதில் இதைப் பார்த்திருக்கிறார்கள். பெட்டிக்கடையில் தொங்கிய பிரைஸ் அட்டை! நாலணாவோ எட்டணாவோ கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் உள்ளே ஒரு நம்பர். அந்த நம்பருக்கு பெரும்பாலும் ஒரு பலூன், ஒரு ஸ்டிக்கர், ஒரு மிட்டாய். உச்சியில் ஒட்டியிருக்கும் பெரிய பரிசு மட்டும் நமக்கு விழவே விழாது.

ஆனால் அந்த அட்டையில் சீட்டு ஒரு நாள் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே டவுசர் பையில் இருந்த சில்லறை தீர்ந்துவிடும். செல்போனில் தொங்கும் அட்டையில் சீட்டு தீர்வதே இல்லை. காசும் பையனின் பையிலிருந்து போவதில்லை, அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2003-ல் லாட்டரியைத் தடைசெய்த மாநிலம் தமிழ்நாடு. 2020 ஜூலையில் சீட்டாட்டம் தொடர்பான ஒரு வழக்கில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளுக்கு நாடு முழுவதும் தடை போட்டது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் குறிவைப்பது, பணம் போட்டுப் பணம் எடுக்க நினைக்கும் ஆட்டத்தை. கேமில் விழும் சட்டையை விற்றுக் காசாக்க முடியாது என்பதால், சிறுவனின் லக்கி ஸ்பின் இந்த வலையில் நேரடியாகச் சிக்குவதில்லை.

பப்ஜி தடைக்குப் பிறகு 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தபோது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நிறுவனமே ஒரு கட்டுப்பாடு வைத்தது. நாளொன்றுக்கு 3 மணி நேர ஆட்டம். செலவு? நாளொன்றுக்கு 7,000 ரூபாய் வரை! எத்தனை வீடுகளில் மாத வாடகையே அவ்வளவு?

வெளிநாடுகள் சில கடுமை காட்டியிருக்கின்றன. இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று 2018-ல் பெல்ஜியம் சொன்னது. 'ஃபோர்ட்நைட்' கேமில் ஆடுபவர்களை ஏமாற்றி வாங்கவைத்ததாகவும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தைகள் வாங்கும்படி விட்டதாகவும் அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில் எபிக் கேம்ஸ் நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

இந்தியாவிலும் ஒரு பிடி இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நுகர்வோர் வழிகாட்டு விதிகள், ஆன்லைனில் வாடிக்கையாளரைச் சிக்கவைக்கும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. போலி அவசரம் காட்டுவதும் அதில் ஒன்று. அதைக் கேம் கடைகளிலும் கறாராக அமல்படுத்த வேண்டும்.

ஆக, கேம்கள் தனியாகக் காசு வாங்கலாம். ஆனால் விலை ரூபாயில் தெரிய வேண்டும். என்ன கிடைக்கும் என்று காசு கொடுக்கும் முன்பே தெரிய வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதிர்ஷ்டப் பெட்டி விற்கவே கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

* யூபிஐ பின் நம்பரைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. எவ்வளவு தொகை என்று பார்த்துவிட்டுப் பெரியவர்களே போட வேண்டும்.
* பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி வைத்துக்கொள்ளலாம்.
* யூபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியை மாதம் ஒருமுறை பார்த்து, தேவையில்லாததை ரத்து செய்யலாம்.
* தெரியாமல் பணம் போய்விட்டால், 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோரில் ரீஃபண்ட் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் தள்ளிப்போட்டால் வாய்ப்பு குறையும்.
* புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.

அடித்துப் பிடுங்கினால் பையன் நண்பனின் போனில் ஆடப் போவான். அதைவிட, அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு அம்மா ஒரு கேள்வி கேட்கலாம்.

"அந்த டிரெஸ் ரூபாய்ல எவ்வளவுடா?"

பையன் பட்டென்று பதில் சொன்னால், வாங்கலாமா வேண்டாமா என்று இருவரும் பேசி முடிவெடுக்கலாம். "அது... சுத்தினாத்தான்மா தெரியும்" என்று இழுத்தால், அது டிரெஸ் கடை இல்லை, பிரைஸ் அட்டை. பின் நம்பர் போட வேண்டாம்.