முதலில் ஏழு கிலோ

லேக் கார்டன்ஸில் ரயில் பாதையைத் தாண்டினால் ரவீந்திர சரோவர் ஏரி. விடியற்காலையில் அதைச் சுற்றிவரும் கொல்கத்தாவாசிகளில் பலர் மனதில் ஓர் எண் இருக்கும்: கல்யாணத்தின்போது இருந்த எடை. அது எட்டாமல் போனால் நடையே நின்றுவிடுகிறது.

எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுக்க பி.எம்.ஐ. உதவும். கிலோ கணக்கிலான எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். உயரம் 160 செ.மீ., எடை 72 கிலோ என்றால் பி.எம்.ஐ. 28. உலக அளவில் 25ஐத் தொட்டால் அதிக எடை. இந்தியர்களுக்கு வயிற்றில் கொழுப்பு சேர்வது அதிகம் என்பதால் 2009இல் நம் மருத்துவர்கள் வரம்பை 23 ஆக்கினார்கள். அதற்கு இறங்க 13 கிலோ குறைய வேண்டும். மலைப்புதான்.

ஆறு மாதத்தில் 5 முதல் 10 சதவீதம், அதாவது மூன்றரை முதல் ஏழு கிலோ குறைந்தால் போதும் என்கிறார்கள் மருத்துவர்கள். மீதியை அப்புறம் பார்க்கலாம். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 7 சதவீதம்தான் இலக்கு. உணவுக் கட்டுப்பாடும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் சர்க்கரை நோய் அபாயத்தை 58 சதவீதம் குறைத்தன. 2006இல் வெளியான சென்னை ஆய்வு இன்னும் தெம்பூட்டுகிறது: எடை பெரிதாகக் குறையாமலே அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது.

தராசு முள் அசையாத வாரத்திலும் ஏரியைச் சுற்றுவதை நிறுத்த வேண்டாம்.