கிழவரைப் பிடித்தது பேயா?



பெருமுக்கல்லிலிருந்து மரக்காணம் உப்பளத்துக்கு நாற்பது வருஷம் கூலிக்குப் போன கிழவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோற்றில் கை வைத்தவர் அப்படியே வெறித்துப் பார்க்கிறார். கூப்பிட்டால் பதிலில்லை, வாயை மாத்திரம் சப்புக்கொட்டுகிறார். இரண்டு நிமிஷம் கழித்து, "என்ன நடந்தது?" என்று நம்மையே கேட்கிறார். மாதத்தில் இரண்டு மூன்று தடவை இப்படியே நடக்கிறது.

மூத்த மகன், உச்சி வேளையில் உப்பளத்தில் காற்று அண்டிவிட்டது என்று பூசாரிக்குப் பணம் கொடுக்கிறான். படித்த மருமகனோ, "வயசாகிவிட்டது, புத்தி மழுங்குகிறது" என்று மூலையில் உட்கார வைக்கிறான். இவ்விருவரில் யார் புத்திசாலி? இருவருமே காரணத்தைத் தேடாதவர்கள் என்பதுதான் நம் அபிப்பிராயம்.

இது வலிப்பாயிருக்கலாம். வலிப்பென்றால் கீழே விழுந்து கைகால் வெட்டி நுரை தள்ள வேண்டும் என்றே நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். முதுமையில் அது பல சமயம் வெறித்த பார்வையாகவும் குழப்பமாகவுமே வரும். பக்கவாதம், மூளைக்கட்டி, தலையில் பட்ட அடி முதலியவை காரணமாகலாம். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் வரும். உப்புச் சத்து மிகவும் குறைந்தாலும் வரும். இதில் பேய்க்கு என்ன வேலை?

"கையில் இரும்பைக் கொடுத்தோம், நின்றுவிட்டதே!" என்பார்கள். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானே நின்றுவிடும். சாவிக்கொத்தைத் தேடி எடுத்து வரவும் அவ்வளவு நேரம்தானே ஆகிறது! ஒருக்களித்துப் படுக்க வைப்பதே உதவி. ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிதான்.

இது மூளையின் நோய் என்று கிரேக்க வைத்தியர்கள் சுமார் 2400 வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார்கள். 1924-ல் ஜெர்மனியில் ஹன்ஸ் பெர்கர் என்பவர் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-ல் வெளியிட்டார். இன்று இ.இ.ஜி. என்று வழங்கும் பரிசோதனை அதுவே. தலையில் இருபது சொச்சம் சிறு தகடுகளைப் பசையால் ஒட்டுவார்கள். மின்சாரம் எதுவும் உள்ளே பாய்ச்சுவதில்லை. உள்ளே எழுவதை இயந்திரம் எழுதிக் காட்டும், அவ்வளவே. வலிப்புக்காரரின் அலையில் ஊசிமுனை போன்ற கூர்கள் தோன்றக்கூடும்.

அதற்காக இந்த இயந்திரத்தையும் ஒரு சாமியாக்கிக் கும்பிட வேண்டாம். அரைமணிப் பதிவில் ஒன்றும் தெரியாவிட்டால் வலிப்பே இல்லை என்று அர்த்தமாகாது. தூக்கத்திலும், நீண்ட நேரமும் பதிந்து பார்க்க வேண்டியிருக்கும். முதுமையில் சாதாரணமாக எழும் சில அலைகளை வலிப்பென்று தவறாகப் படிப்பதுமுண்டு. ஆகவே கண்ணால் கண்டவர் சாட்சியமே முதன்மையானது. நேரத்தையும் நடந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் பிடியுங்கள். அதோடு கிழவரைத் திண்டிவனம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ, முண்டியம்பாக்கத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ அழைத்துப் போங்கள்.

சரியான வைத்தியம் கிடைத்தால் வலிப்புக்காரரில் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. மூளையின் கோளாறைப் பேயென்று நம்பினால் என்ன கிடைக்கும்? 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் நெருப்பில் சிக்கி, 28 பேர் மாண்டார்கள். அதுதான் கிடைத்தது.

கிழவர் உங்களுக்காக நாற்பது வருஷம் உப்பு வாரியவர். அவருக்காக ஒரு நாள் பஸ் ஏற உங்களுக்கு மனமில்லையா?