இல்லத்து உழைப்பும் எட்டு மணி நேரமும்

புனேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வடு, சாக்கன் தொழிற்பேட்டைகளில் பிழைப்புக்காகக் குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். பாட்டியும் அத்தையும் சொந்த ஊரில் இருக்க, இத்தகைய வீட்டில் தாய் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் என்ன நேரும்? ரேஷன் அட்டை எங்கே, தண்ணீர் எப்போது வரும், பால் கணக்கில் பாக்கி எவ்வளவு என எதுவும் அறியாத தந்தை, ஒரே இரவில் குடும்பம் நடத்தக் கற்க வேண்டியவராகிறார். அதுவரை அவர் கண்ணில் படாதிருந்த உழைப்பு அன்றுதான் தென்படுகிறது.

அவர் கற்றுக்கொண்டால் நன்று. ஆனால் பல வீடுகளில் கரண்டி மூத்த மகளின் கைக்கே போகிறது. நாலு நாள் விடுப்பு என்று தொடங்குவது அவளது படிப்பையே முடித்துவிடக்கூடும்.

ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் உழைக்கின்றனர்; ஆண்கள் 88 நிமிடங்கள். தொழிலாளியை மறுநாள் ஆலைக்கு அனுப்பும் இவ்வுழைப்புக்கு முதலாளி ஒரு காசும் தருவதில்லை.

வசதி படைத்தோர் இச்சுமையை வேறொரு பெண்ணின் தோளுக்கு மாற்றுகின்றனர். அந்தப் பெண் நோயுற்றால் அவளது கூலியே நின்றுபோகிறது. 1980இல் புனேயின் வீட்டுப் பணிப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்து, சங்கமாகத் திரண்டனர். மகாராஷ்டிரத்தில் வீட்டுப் பணியாளர் நல வாரியச் சட்டம் வந்ததோ 2008இல்தான்.

தந்தை கற்க விரும்பினாலும் நேரம் எங்கே? ஆலைகளில் அன்றாட வேலை நேர வரம்பை 9 மணியிலிருந்து 12 மணியாக உயர்த்த 2025 செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துத் திரும்புபவர் சமைப்பது எப்போது, மருத்துவமனையில் துணையிருப்பது எப்போது? தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நிறைவேற்றப்பட்ட இதையொத்த மசோதாவைத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பே திரும்பப் பெறச் செய்தது. அந்த அனுபவம் மகாராஷ்டிரத்துக்கும் பொருந்தும்.

தொழிலாளி தானே நோயுற்றால் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை உண்டு. மனைவியோ பிள்ளையோ மருத்துவமனையில் கிடக்கையில் அவர் இழக்கும் கூலிக்கு ஈடில்லை. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்கான 1981ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையை (எண் 156) இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. இரு பாலருக்கும் ஊதியத்துடன் கூடிய பராமரிப்பு விடுப்பு, பணியிடம் தோறும் குழந்தைகள் காப்பகம், குறைந்த விலைப் பொது உணவகங்கள், நோயாளியின் பணிவிடையைக் குடும்பத்தின் தலையில் சுமத்தாத அளவுக்குச் செவிலியர் நியமனம் ஆகியவை நமது இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் முன்னிடம் பெற வேண்டும்.

சமையலறை வேலையையும் குழந்தை வளர்ப்பையும் சமூகப் பொறுப்பாக்காமல் பெண் விடுதலை நிறைவுறாது என்பதை லெனின் 1919இலேயே வலியுறுத்தினார். அதற்கான போராட்டம் நெடியது. அதுவரை தோழர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. கிளைக் கூட்டத்துக்குத் தோழரின் மனைவியும் வர முடிகிறதா, அவர் வரும் மாலையில் வீட்டில் உலை வைப்பவர் யார் என்று ஒவ்வொரு கிளையும் கேட்கட்டும். குடும்பத்தை நடத்தக் கற்பதற்கு, மனைவி மருத்துவமனையில் படுக்கும் நாள்வரை எந்தத் தோழரும் காத்திருக்க வேண்டியதில்லை.