அம்முச்சிக்குப் படிக்கத் தெரியாதுன்னு யார் சொன்னது?

மஞ்சள் வெட்டி முடிச்சு, வேக வைக்கிற வேலை நடந்துட்டு இருந்த நேரம். பெங்களூர்ல இருக்கிற மகள் குழந்தையோட வந்து ரெண்டு மாசம் எங்ககூட இருந்தா. பேத்திக்கு அப்போ ஒன்றரை வயசு. துணிமணியை விட புத்தகப் பைதான் கனமா இருந்துச்சு.

"ஏம்மிணி, பேச்சே இன்னும் முழுசா வரல. இதுக்குள்ள புத்தகம் எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"அவ படிக்கறதுக்கு இல்லீங்கப்பா, நாம படிச்சுக் காட்டறதுக்கு"ன்னா.

உண்மையைச் சொல்றேன், எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. எங்க காலத்துல புத்தகம்னா பரீட்சைக்குத்தான். எங்கப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அஞ்சாம் வகுப்புல இருந்து சாயங்காலம் அவருக்குப் பேப்பர் படிச்சுக் காட்டறது என் வேலை. ஆனா பெத்த பிள்ளைகளுக்கு ஒரு பக்கம்கூட நான் படிச்சுக் காட்டினதில்ல. காட்டு வேலை முடிஞ்சு வரும்போது அதுக தூங்கியிருக்கும்.

மகளுக்கு வீட்டுல இருந்தே ஆபீஸ் வேலை. முதல் நாள் கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரும்போது புத்தகத்தை அவங்கம்மா கையில குடுத்து, "கொஞ்ச நேரம் படிச்சுக் காட்டுங்கம்மா"ன்னு சொன்னா. எங்க வீட்டம்மா படிச்சது மூணாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பா, ஆனா யார் முன்னாடியும் படிக்க மாட்டா. "கண்ணாடியை எங்க வெச்சேன்னு தெரியல"ன்னா. அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. எனக்குப் புரிஞ்சுபோச்சு. புத்தகத்தை நான் வாங்கிக்கிட்டேன்.

நான் படிச்ச லட்சணம், ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி. ரெண்டு பக்கம் தாண்டல. பேத்தி மடியில இருந்து வழுக்கி இறங்கி, புத்தகத்தை இழுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அங்க எங்க வீட்டம்மா எழுத்துப் பக்கமே போகல. படத்தைப் பார்த்து, "இந்த மாட்டைப் பாரு கண்ணு, நம்ம லச்சுமி மாதிரியே இருக்குது. வயிறு ஒட்டிக் கெடக்குது பாரு. இன்னும் தீவனம் வெக்கல போல. எங்க, கூப்பிடு"ன்னு சொன்னா. பேத்தி "ம்மா"ன்னுச்சு. அன்னைல இருந்து அந்தப் புத்தகம் அம்முச்சியோட புத்தகம். வேற யார் எடுத்தாலும் பிடுங்கிடும். ஒரு நாள் அவசரத்துல வயிறு ஒட்டின கதையைச் சொல்லாம அடுத்த பக்கம் திருப்பிட்டா. பேத்தி திரும்பப் புரட்டி, மாட்டு வயித்துல விரலை வெச்சுக்கிட்டுக் காத்துட்டு இருக்குது. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பேச்சு வரலைன்னு நாமதான் நினைக்கிறோம், உள்ள எல்லாம் போய்ச் சேர்ந்துட்டுதான் இருக்குது.

பிறந்ததுல இருந்தே குழந்தைக்குப் படிச்சுக் காட்டுங்கன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014லயே சொல்லியிருக்கு. ரெண்டு வயசு ஆகறதுக்கு முன்னாடி திரையே வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லுச்சு. செல்போனும்தான் பேசுது, கதை சொல்லுதேன்னு கேப்பீங்க. ஆனா மாட்டு வயித்துல விரலை வெச்சா செல்போன் நின்னு பதில் சொல்லுமா? குழந்தைக்கு வேணுங்கறது தனக்காக நிக்கிற ஒரு ஆள். புத்தகம் அந்த ஆளை உட்கார வைக்கிற ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

அதனால படிச்சுக் காட்டறதைப் பாடமா ஆக்காதீங்க. "இது என்ன? சொல்லு, சொல்லு"ன்னு பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டா குழந்தை ஓடத்தான் செய்யும். அஞ்சு நிமிஷம் போதும். ஒரே புத்தகத்தை நூறு தடவை கேட்டாலும் படிங்க. நமக்குத்தான் சலிக்கும், அதுகளுக்குச் சலிக்காது.

புத்தகம் வாங்கறதுலயும் ஒரு பக்குவம் இருக்கு. கடிச்சாலும் தாங்குற கெட்டி அட்டையில, பக்கத்துக்கு ஒரு பெரிய படமா, ரெண்டு வரி எழுத்தா இருந்தா ஒரு வயசுக் குழந்தைக்குப் போதும். கடையிலயே ஒரு பக்கம் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. நாக்குல சிக்காம ஓடுச்சுன்னா வாங்குங்க. இங்கிலீஷ்ல இருந்து வரிக்கு வரி மாத்தின புத்தகம் அங்கயே மாட்டிக்கும். மகள் கொண்டு வந்ததுல பழப் புத்தகம் ஒண்ணு இருந்துச்சு. ஸ்ட்ராபெர்ரி, கிவி எல்லாம் இருக்கு. பேத்தி கடிச்ச கொய்யாவைக் கையில வெச்சுக்கிட்டு அதுல தேடுச்சு, கிடைக்கல. கிவி வேண்டாம்னு சொல்லல. தொட்டுப் பார்த்ததும் தின்னு பார்த்ததும் முதல்ல வரட்டும், மத்தது பின்னாடி வரட்டும்.

இன்னொண்ணு. புத்தகத்துல "ஓடியது"ன்னு இருந்தா, சின்னக் குழந்தைக்கு "ஓடுச்சு"ன்னே சொல்லுங்க, தப்பில்ல. மூணு வயசு தாண்டினதும் எழுத்துல இருக்கிற மாதிரியும் படிங்க. பள்ளிக்கூடத்துல அந்தத் தமிழ்தான் வரப்போகுது, அது காதுக்குப் பழகியிருக்கணும்.

நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பிரதம் புக்ஸ் எல்லாம் தமிழ்ல நல்ல படப் புத்தகம் போடுறாங்க. பிரதம் ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைகள் காசில்லாமலே கிடைக்குது, அச்சடிச்சுக் குடுக்கலாம். ஈரோடு பக்கம் இருக்கிறவங்க ஆகஸ்ட் மாசப் புத்தகத் திருவிழாவை விடாதீங்க.

பட்டணத்துல இருக்கிற உங்ககிட்ட எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பேரக் குழந்தைக்கு ஆயிரக்கணக்குல பேட்டரி பொம்மை ஊருக்கு வருது. "எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது"ன்னு சொல்லிப் புத்தகம் மட்டும் வர்றதில்ல. தாலாட்டும் விடுகதையும் மனசுல வெச்சிருக்கிற பொம்பளைக்குப் படம் போட்ட புத்தகம் எந்த மூலைக்கு? கூச்சம் போகிற வரைக்கும் நாம சும்மா இருந்தா போதும்.

மகள் திரும்பிப் போகும்போது அந்த மாட்டுப் புத்தகத்தை இங்கயே விட்டுட்டுப் போனா. போன வாரம் பால் ஊத்திட்டு வந்து பார்த்தா, எங்க வீட்டம்மா திண்ணையில உட்கார்ந்து விரலை வெச்சு எழுத்துக் கூட்டிட்டு இருக்கா. "ஏனுங்க, இது என்ன எழுத்து, ழானாவா ளானாவா?"ன்னு கேட்டா. சொன்னேன். அடுத்த தடவை பேத்தி வரும்போது எழுத்தையும் சேர்த்துப் படிக்கப் போறாளாம்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ரெண்டு புத்தகமா வாங்கிட்டு வாங்க. ஒண்ணு உங்க வீட்டுக்கு, இன்னொண்ணு ஊர் அங்கன்வாடிக்கு. கிழிஞ்சா கிழியட்டும், கஞ்சிப் பசை வெச்சு ஒட்டிக்கலாம்.